துணிக்கடைக்காரர் கண்ட நுண்ணுயிர் உலகம்: லீவன்ஹூக்கின் வாழ்வும் ஈரல் புழுவின் பாடமும்



ஆடு, மாடு வளர்ப்போருக்கான பயிற்சிகளில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஏன் மெலிகிறது, தாடைக்குக் கீழே ஏன் பை போலத் தொங்குகிறது என்பதுதான் அது. ஈரலில் தட்டைப்புழு இருக்கிறது, அது வயல் நத்தையின் வழியாக வந்தது என்று சொன்னால் பலருக்கும் நம்பிக்கை வருவதில்லை. நத்தைக்கும் ஆட்டின் ஈரலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்தத் தொடர்பைக் கண்டுபிடிக்க உலகத்துக்கே பல நூறு ஆண்டுகள் ஆயின.

கண்ணுக்குத் தெரியாத உயிர்களை மனிதனுக்கு முதன்முதலில் காட்டிய ஒருவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். அவர் டாக்டர் பட்டம் பெற்றவர் அல்ல, கல்லூரி வாசலை மிதித்தவரும் அல்ல. துணிக்கடை வைத்திருந்தவர். பெயர் ஆண்டன் வான் லீவன்ஹூக். ஊர் நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரம்.

கூடை முடைபவரின் மகன்

லீவன்ஹூக் 1632-ம் ஆண்டு அக்டோபர் 24-ம் தேதி பிறந்தார். அப்பா கூடை முடையும் தொழிலாளி. அம்மா மதுபானம் காய்ச்சும் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பையனுக்கு ஐந்து, ஆறு வயதிருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். பையனை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள், பிறகு உறவினர் வீட்டில் வளர்ந்தார். 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு துணி வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து கணக்கு எழுதக் கற்றார்.

அது டச்சுக்காரர்கள் கடல் கடந்து வணிகம் செய்து செழித்த காலம். அதே டச்சுக் கம்பெனிதான் நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. 1658-ல் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தது. மிளகு, துணி, நவதானியம் என்று கப்பல் கப்பலாகச் சரக்கு போன காலத்தில்தான் லீவன்ஹூக் 1654-ல் சொந்த ஊரான டெல்ஃப்ட்டுக்குத் திரும்பி, திருமணம் செய்துகொண்டு, துணிக்கடை திறந்தார்.

குடும்ப வாழ்க்கையில் துயரம் அதிகம். ஐந்து குழந்தைகள் பிறந்து, மரியா என்ற ஒரு மகள் மட்டுமே பிழைத்தார். 1666-ல் மனைவி பார்பராவும் இறந்தார். பிறகு செய்துகொண்ட இரண்டாம் மனைவியும் அவருக்கு முன்பே காலமானார். மகள் மரியா கடைசிவரை திருமணம் செய்துகொள்ளாமல் அப்பாவுடனேயே இருந்தார்.

1660-ல் டெல்ஃப்ட் நகர மன்றத்தில் அறைக் காப்பாளர் வேலை கிடைத்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் தாலுகா அலுவலகத்தில் ஒரு சிறிய பொறுப்பு. 1669-ல் நில அளவையாளராகத் தேர்ச்சி பெற்றார். 1679-ல் ஒயின் பீப்பாய்களை அளந்து சான்று தரும் அதிகாரியானார். நிலத்தை அளப்பது, பீப்பாயை அளப்பது என்று அளவெடுப்பதே அவர் தொழிலாக இருந்தது. பின்னாளில் நுண்ணுயிரை அளக்கவும் இந்தப் பழக்கமே கைகொடுத்தது.

கையளவு கருவி

துணி வியாபாரிகள் அப்போது நூலின் நெருக்கத்தைப் பார்க்கச் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்துவார்கள். ஒரு அங்குலத்தில் எத்தனை இழை இருக்கிறது என்று எண்ணித் துணியின் தரத்தைச் சொல்வார்கள். லீவன்ஹூக்கின் கைக்கும் கண்ணுக்கும் அந்தப் பழக்கம் கடையில் இருந்தே வந்திருக்க வேண்டும்.

அவர் தாமே லென்ஸ் செய்யத் தொடங்கினார். மிளகை விடச் சிறிய கண்ணாடி லென்ஸ். அதை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்தி, பார்க்க வேண்டிய பொருளை ஒரு ஊசி முனையில் குத்தி வைத்து, கருவியைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்ப்பார். மொத்தக் கருவியும் உள்ளங்கையில் அடங்கிவிடும். இன்று எஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் ஒன்று பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அன்றைக்குப் படித்தவர்கள் வைத்திருந்த விலை உயர்ந்த நுண்ணோக்கிகள் பலவற்றாலும் அந்தத் தெளிவைத் தர முடியவில்லை.

டெல்ஃப்ட்டில் ரெக்னியர் டி கிராஃப் என்ற இளம் மருத்துவர் இருந்தார். 1673-ல் அவர் இலண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு இந்த மனிதரை அறிமுகம் செய்து கடிதம் எழுதினார். லீவன்ஹூக்குக்கு லத்தீன் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தாம் பேசும் டச்சு மொழியில்தான் கடிதம் எழுதினார். அங்கிருந்தவர்கள் மொழிபெயர்த்து அச்சிட்டார்கள். பூசணம், தேனீயின் கொடுக்கு, பேன் ஆகியவற்றைப் பற்றிய முதல் கடிதத்தில் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் இடைவிடாமல் எழுதினார். புத்தகம் என்று ஒன்றும் தனியாக எழுதவில்லை. எல்லாமே கடிதங்கள்தான்.

மிளகுத் தண்ணீரில் கண்டது

1674-ல் ஊருக்கு அருகில் இருந்த ஏரியில் கோடைக்காலத்தில் தண்ணீர் பச்சையாகக் கலங்குவதைப் பார்த்து, அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து சோதித்தார். அதில் சிறு சிறு உயிர்கள் நீந்துவதைக் கண்டார். பிறகு மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று பார்ப்பதற்காக மிளகைத் தண்ணீரில் ஊறவைத்தார். முள் போன்ற ஏதோ ஒன்று மிளகில் இருந்து நாக்கைக் குத்துகிறதோ என்பது அவருடைய ஐயம். முள் எதுவும் இல்லை. ஆனால் சில நாள் ஊறிய தண்ணீரில் எண்ணற்ற உயிர்கள் இருந்தன. அவற்றில் மிகச் சிறியவை இன்று நாம் பாக்டீரியா என்று சொல்பவை. 1676 அக்டோபரில் இதை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார்.

அவை எவ்வளவு சிறியவை என்று சொல்ல அவருக்கு அளவுகோல் தேவைப்பட்டது. மணல் துகளையும் தினையையும் அளவாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஒரு துளி நீரில் எத்தனை உயிர்கள் இருக்கும் என்று அவர் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டு இலண்டன் அறிஞர்கள் திகைத்தார்கள், பலர் நம்பவில்லை. நெகேமியா குரூ என்பவர் முயன்றும் அவற்றைப் பார்க்க முடியவில்லை.

லீவன்ஹூக் கோபப்பட்டு ஒதுங்கவில்லை. ஊரில் மதிப்புள்ள எட்டுப் பேரை, மதகுருமார் உட்பட, அழைத்துத் தம் கருவி வழியே பார்க்கச் செய்தார். கண்ணால் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொன்னார். அந்தச் சாட்சிகளை 1677 அக்டோபரில் அனுப்பி வைத்தார். அடுத்த மாதம் ராபர்ட் ஹூக் என்ற அறிஞர் இலண்டனில் மிளகுத் தண்ணீர் தயாரித்துப் பலமுறை முயன்று, நவம்பர் 15-ம் தேதி கழகத்தார் முன்னிலையில் அந்த உயிர்களைக் காட்டினார். துணிக்கடைக்காரர் சொன்னது உண்மை என்று நிரூபணமானது. 1680-ல் அவரையே கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவர் கழகத்தின் கூட்டம் எதற்கும் ஒருநாளும் போனதில்லை.

தம் உடம்பையே சோதித்தவர்

குளம், மழைநீர், மிளகுத் தண்ணீர் ஆகியவற்றைப் பார்த்த பிறகு, அவர் பார்வை மனித உடம்பின் பக்கம் திரும்பியது. முதலில் சோதித்தது தம் உடம்பைத்தான்.

1681-ல் அவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. தம் மலத்தையே எடுத்து லென்ஸ் வழியே பார்த்தார். அடிப்பக்கம் தட்டையாக, கால் போன்ற உறுப்புகளை வேகமாக அசைத்து நகரும் உயிர்களைக் கண்டார். வயிறு சரியாக இருக்கும் நாள்களில் அவை தென்படவில்லை, போக்கு இருக்கும்போதுதான் இருந்தன என்றும் குறித்து வைத்தார். அந்த விவரிப்பைப் படித்த பின்னாள் ஆராய்ச்சியாளர்கள், அவர் பார்த்தது ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். அசுத்தமான குடிநீர் வழியாக இன்றும் நம் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தருவது இதே உயிர்தான்.

1683 செப்டம்பரில் பல்லில் படியும் மாவு போன்ற வெள்ளைப் படிவைச் சோதித்தார். அவர் தினமும் உப்பால் பல் தேய்ப்பவர், பல்லிடுக்கைக் குச்சியால் சுத்தம் செய்பவர், துணியால் துடைப்பவர். அப்படியும் அந்தப் படிவில் பல வடிவ உயிர்கள் துள்ளி ஓடின. பெண்கள் இருவர், ஒரு சிறுபிள்ளை, முதியவர்கள் ஆகியோரின் பல் படிவையும் பார்த்தார். வாழ்நாளில் பல்லே தேய்க்காத ஒரு முதியவரின் வாயில் இருந்தவைதான் மிக அதிகம். தம் நாட்டில் வாழும் மக்களின் எண்ணிக்கையை விடத் தம் வாயில் வாழும் உயிர்களின் எண்ணிக்கை அதிகம் என்று அவர் கணக்கிட்டார்.

அவற்றைக் கொல்ல முடியுமா என்றும் பார்த்தார். காடி எனப்படும் வினிகரால் வாயைக் கொப்பளித்தார். மேலாக இருந்தவை செத்தன, பல்லிடுக்கில் படிவுக்குள் இருந்தவை பிழைத்துக்கொண்டன. படிவை வெளியே எடுத்து வினிகரில் கலந்தபோது எல்லாமே செத்தன. மருந்து வேலை செய்யவில்லை என்று நாம் சொல்லும் பல இடங்களில், மருந்து போய்ச் சேரவில்லை என்பதுதான் உண்மை. இலையின் மேற்பக்கம் மட்டும் தெளித்துவிட்டு அடிப்பக்கத்து அசுவினி சாகவில்லை என்பது போலத்தான் இது. சில ஆண்டுகள் கழித்து முன்பற்களில் உயிர்கள் குறைந்திருப்பதைக் கண்டபோது, தாம் காலையில் குடிக்கும் சூடான காபிதான் காரணமாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தார். சூடு அதிகம் படாத கடைவாய்ப் பல்லில் அவை உயிரோடு இருந்தன.

நம் உடம்பில் பாக்டீரியா வாழ்கிறது என்பதற்கு உலகில் முதல் சாட்சி இந்தக் கடிதங்கள்தான். அவை நோய் தரும் என்று அவர் சொல்லவில்லை, அந்தத் தொடர்பு அவருக்குத் தெரியாது. அதை நிறுவ மேலும் இருநூறு ஆண்டுகள் கழித்து லூயி பாஸ்டர், ராபர்ட் கோக் ஆகியோர் வர வேண்டியிருந்தது.

கூன்வண்டும் அசுவினியும்

விவசாயிகளுக்கு நேரடியாக உதவும் வேலையையும் லீவன்ஹூக் செய்தார். அந்தக் காலத்தில் குதிரில் இருக்கும் தானியத்திலிருந்து வண்டு தானாக உண்டாகிறது, அழுகலில் இருந்து புழு தானாக உண்டாகிறது என்று படித்தவர்களும் நம்பினார்கள். அவர் கூன்வண்டுகளைக் கோதுமை மணிகளோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்துத் தொடர்ந்து கவனித்தார். வண்டு மணியைத் துளைத்து முட்டை இடுகிறது, புழு உள்ளேயே வளர்கிறது, வண்டாகி வெளியே வருகிறது என்று 1687-ல் எழுதினார். இன்று நாம் நெல்லையும் சோளத்தையும் நன்றாகக் காயவைத்து, சாக்கைச் சுத்தம் செய்து சேமிக்கச் சொல்வதற்கு அடிப்படை இதுதான். வண்டு வெளியில் இருந்து வருகிறது என்றால் வராமல் தடுக்கவும் முடியும்.

அசுவினியையும் ஆராய்ந்தார். முட்டையைத் தேடி அறுத்துப் பார்த்தபோது, தாயின் வயிற்றில் குட்டி அசுவினிகளே இருந்தன. ஆண் அசுவினி ஒன்றையும் அவரால் காண முடியவில்லை. அசுவினி ஏன் ஒரே வாரத்தில் செடி முழுவதும் பரவுகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

விடை கிடைக்காத கேள்வி: ஈரல் புழு

இப்போது நம் ஆட்டுக்கு வருவோம். லீவன்ஹூக் 1674-லேயே முயலின் பித்தநீரைச் சோதித்து, அதில் முட்டை வடிவத் துகள்கள் இருப்பதைக் குறித்திருக்கிறார். அவை முயலின் ஈரலைத் தாக்கும் ரத்தக்கழிச்சல் நோய் ஒட்டுண்ணியின் முட்டை போன்ற நிலை என்று பிற்கால அறிஞர்கள் கண்டார்கள். ஈரல் ஒட்டுண்ணியை ஒரு மனிதன் நுண்ணோக்கியில் கண்ட மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று.

ஆட்டு ஈரலில் இருக்கும் இலை வடிவத் தட்டைப்புழுவை மேய்ப்பர்கள் பல நூறு ஆண்டுகளாக அறிவார்கள். அதை அறுத்துப் பார்ப்பது எளிது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. 1698-ல் கோவர்ட் பிட்லோ என்ற உடற்கூறியல் பேராசிரியர் இந்தப் புழுவைப் பற்றி லீவன்ஹூக்குக்கே ஒரு நீண்ட கடிதம் எழுதி, அது டெல்ஃப்ட்டில் அச்சானது. புழுவுக்குள் முட்டைகள் இருப்பதையும் அவர் எழுதியிருந்தார். லீவன்ஹூக்கும் ஆட்டு ஈரல் புழுவை ஆராய்ந்து எழுதிய கடிதம் 1700-ல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

ஆனால் விடை அவர் கையில் சிக்கவில்லை. காரணம் அவர் கவனக் குறைவு அல்ல, புழுவின் வேடம். கூன்வண்டுக் குஞ்சு வளர்ந்தால் கூன்வண்டு, அசுவினிக் குட்டி வளர்ந்தால் அசுவினி. ஈரல் புழு அப்படி இல்லை. ஈரலை விட்டு வெளியே வந்தபின் அது தட்டைப்புழுவாக எங்கும் இருப்பதில்லை. எந்தக் குட்டையில் தேடினாலும் கிடைக்காது. நடுவில் ஒரு நத்தை இருக்கிறது என்று அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1879-80 குளிர்காலத்தில் இங்கிலாந்தில் தொடர்மழைக்குப் பின் இந்தப் புழுவால் சுமார் 30 லட்சம் ஆடுகள் மடிந்தன. அதன் பிறகுதான் தீவிர ஆராய்ச்சி நடந்தது. ஜெர்மனியில் ருடால்ஃப் லூக்கார்ட்டும், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் அல்கெர்னான் தாமஸ் என்ற இளைஞரும் தனித்தனியே ஆராய்ந்து, 1881 முதல் 1883-க்குள் முழுச் சுழற்சியையும் வெளியிட்டார்கள். லீவன்ஹூக்கின் கடிதத்துக்கும் இந்த விடைக்கும் இடையே 180 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

புழுவின் பயணம்

ஈரலின் பித்தநாளத்தில் வாழும் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். முட்டை பித்தநீரோடு குடலுக்கு வந்து, சாணத்தில் வெளியேறும். அந்தச் சாணம் தண்ணீரில் கலந்தால் முட்டை பொரிந்து, நீந்தும் சிறு உயிர் வெளிவரும். அது சுமார் ஒரு நாளுக்குள் ஒரு நன்னீர் நத்தையைக் கண்டு உள்ளே நுழைய வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். நத்தைக்குள் அது பல நூறாகப் பெருகும். பிறகு வாலுள்ள குஞ்சுகளாக வெளியே வந்து, புல், நெல் தாள், நீர்ச்செடி ஆகியவற்றில் ஒட்டி, வாலை உதிர்த்துவிட்டு, ஓடு போர்த்திக் காத்திருக்கும். ஈரம் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஆடோ மாடோ அந்தப் புல்லைத் தின்றால், குடலில் ஓடு கரைந்து குஞ்சுப்புழு வெளியே வரும். குடல் சுவரைத் துளைத்து, வயிற்று அறை வழியே ஈரலுக்குள் நுழையும். வாரக்கணக்கில் ஈரல் சதையைத் துளைத்துத் தின்றபின் பித்தநாளத்தில் குடியேறும். முட்டையிட மூன்று மாதம் ஆகும், நம் பகுதியில் காணப்படும் பெரிய வகைக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். அதனால் இன்று மெலியும் மாடு, சில மாதங்களுக்கு முன் மேய்ந்த இடத்தின் பலனை அனுபவிக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

• மெலிவு, வெளிறிய கண் இமை, தாடைக்குக் கீழ் வீக்கம், பால் குறைவு, விட்டுவிட்டு வரும் கழிச்சல் ஆகியவை தெரிந்தால் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதிக்கக் கொடுங்கள். லீவன்ஹூக் செய்த அதே வேலையை அங்கே சில நிமிடங்களில் செய்துவிடுவார்கள்.

• எல்லாக் குடற்புழு மருந்தும் ஈரல் தட்டைப்புழுவைக் கொல்லாது. சில மருந்துகள் வளர்ந்த புழுவை மட்டும் கொல்லும், குஞ்சுப்புழுவை விட்டுவிடும். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது, கொடுத்தபின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

• ஏரி, குளக்கரை, வாய்க்கால் ஓரம், தண்ணீர் தேங்கிய வயல் ஆகிய இடங்களில் மேய்ப்பதைக் குறையுங்கள். தண்ணீரைத் தொட்டியில் வைத்துக் காட்டுங்கள்.

• வயலில் அறுத்த ஈரப் புல்லையும் வைக்கோலையும் அப்படியே போடாமல் நன்றாக வெயிலில் உலர்த்திப் போடுங்கள்.

• வாத்து நத்தையைத் தின்னும். வாய்ப்புள்ளவர்கள் வாத்து மேய்ப்பவர்களை வயலில் கிடை போட அனுமதியுங்கள்.

• சாணத்தை நேராக வாய்க்காலில் கழுவி விடாமல், குழியில் மக்கவைத்த பின் பயன்படுத்துங்கள். முட்டை அந்தச் சூட்டில் சாகும்.

மனிதர்களுக்கும் இந்தப் புழு வரும். உலகில் 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பச்சையாகத் தின்னும் நீர்க்கீரையும் கொதிக்காத குளத்து நீரும்தான் வழி. நன்றாக வேகவைத்த ஈரலால் வராது. ஆனாலும் புழு உள்ள ஈரலைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். ஈரலில் நீர்க்கட்டி இருந்தால் அதைப் பச்சையாக நாய்க்கு ஒருபோதும் போடாதீர்கள். அந்தக் கட்டியில் இருப்பது வேறொரு புழு. அது நாயின் குடலில் வளர்ந்து, நாயின் மலத்தில் முட்டையாக வந்து, நம் ஈரலில் நீர்க்கட்டியை உண்டாக்கும். அறுத்த இடத்தில் எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ செய்யுங்கள்.

அசுத்தத் தண்ணீரில் வரும் அமீபாவும் குடலில் இருந்து ரத்தத்தின் வழியே ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்கும். காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழ் வலியும் இருந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள். குடிநீரைக் கொதிக்க வைப்பதும், வெளியே போய்வந்ததும் சோப்பால் கை கழுவுவதும் பெரிய பாதுகாப்பு.

நல்ல குடியிருப்போர்

உடம்பில் வாழ்பவை எல்லாம் எதிரிகள் அல்ல. ஒரு மனித உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி சொந்தச் செல்களும், சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் இருப்பதாக 2016-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை அவை நொதிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன, வைட்டமின் கே தயாரிக்கின்றன, ஈரல் சுரக்கும் பித்தநீரையும் மாற்றி அமைக்கின்றன. குடலில் இருந்து சத்தேறிய ரத்தம் நேராக ஈரலுக்குத்தான் போகிறது. அதனால் குடலின் நலம் ஈரலையும் தொடும்.

மாட்டுக்கு இது இன்னும் முக்கியம். வைக்கோலைச் செரிப்பது மாடு அல்ல, அதன் அசைபோடும் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள்தான். பொங்கலன்று ஆசையோடு சோறும் பொங்கலும் அளவுக்கு மீறிக் கொடுத்தால், அமிலம் சுரக்கும் பாக்டீரியா மட்டும் திடீரெனப் பெருகி, நார் செரிக்கும் பாக்டீரியா செத்துவிடும். மாடு வயிறு உப்பிப் படுத்துவிடும், உயிரே போகலாம். தீவனத்தை மாற்றுவதானால் பத்து நாளுக்கு மேல் எடுத்துச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். அதேபோல, மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரையை மாட்டுக்கோ நமக்கோ வாங்கிக் கொடுப்பது இந்த நல்ல குடியிருப்போரையும் சேர்த்து அழிக்கும்.

கடைசி நாள்கள்

லீவன்ஹூக் முதுமையில் பெரும்புகழ் பெற்றார். 1698-ல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் டெல்ஃப்ட் வழியே வந்தபோது அவரை வரவழைத்து, விலாங்கு மீனின் வாலில் ரத்தம் ஓடுவதைக் கருவி வழியே பார்த்து வியந்தார். ஆனால் சிறந்த லென்ஸ்களை எப்படிச் செய்கிறார் என்பதை அவர் யாருக்கும் சொல்லித்தரவில்லை. மாணவர் என்று யாரையும் வளர்க்கவும் இல்லை. அவரோடு அந்தக் கைத்திறனும் போய்விட்டது. அவருக்குப் பின் நூறு ஆண்டுகள் நுண்ணுயிர் ஆராய்ச்சி பெரிதாக நகராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல விதை முறையோ நல்ல வைத்தியமோ ஒருவர் கையில் மட்டும் இருந்தால் என்னாகும் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

கடைசி நோயின்போதும் தம் உடம்பைக் கவனிப்பதை அவர் விடவில்லை. உதரவிதானம் துடிப்பதைக் குறித்து எழுதி அனுப்பினார். அந்த அரிய நோய்க்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1723 ஆகஸ்ட் 26-ம் தேதி, 90 வயதில் காலமானார். 26 வெள்ளிக் கருவிகளை ராயல் சொசைட்டிக்கு எழுதி வைத்திருந்தார், மகள் மரியா அவற்றை அனுப்பி வைத்தார். டெல்ஃப்ட்டின் பழைய தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

விவசாயப் பெருமக்களே, அவர் கையில் இருந்தது ஒரு சிறு கண்ணாடி, பொறுமை, கண்டதைக் கண்டபடி குறித்து வைக்கும் பழக்கம். உங்கள் மந்தையில் எந்த ஆடு எந்த மாதம் மெலிந்தது, அதற்கு முன் எங்கே மேய்ந்தது, எப்போது என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சாணத்தோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். மழைக்காலம் முடிந்து நீர் வடியும் பருவத்தில் ஒருமுறையும், கோடை மழைக்கு முன் ஒருமுறையும் பரிசோதிப்பது நல்லது. மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.